பின்தொடர்தல் என்னும் குற்றம்

காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் தமிழ் மக்களுக்குப் புதிய ஊர் அன்று. வைணவ ஆசாரியராகிய இராமானுசர் அவதரித்த திருத்தலம் என்னும் பெருமை அதற்கு நூற்றாண்டுகள் பலவாக உண்டு. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அந்நிலப்பகுதியின் தோற்றம் சென்ற முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 1996ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டிற்று. 2006ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் எழுந்தது. அவ்வாலை 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டபோதிலும் கைப்பேசித் தொழில் அவ்வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை. சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் ஆலையில் அது முன்னினும் பெரிதாக வளர்ந்தது. சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் அமைந்த ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பெற்றது. அதனைச் சுற்றி வேறு பல ஆலைகளும் தோன்றின.

இவ்வாலைகளுள், சிறப்பாகக் கைப்பேசி ஆலைகளில், வேலை செய்வோருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்தும், வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து, விடுதிகளில் தங்கி, நிறுவனப் பேருந்துகளில் ஆலைக்குச் சென்று மீள்கின்றனர். அவர்கள் தொகை எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று போதும். வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்த குடியிருப்பு 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது. அவ்வொரு குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். தமிழகத்தின் பல சிற்றூர்களில் அத்துணை மக்கள் இல்லை.

தாய் தந்தையரை விட்டு முதன்முறையாகத் தனித்து வாழும் ஒரு பெண்ணுக்குக் கைப்பேசியே வீடு போன்றது. அன்னையின் குரல் அதில்தான் கேட்கின்றது. மாத ஊதியம் வந்தமை அதில்தான் தெரிகின்றது. தம்பியின் பள்ளிக் கட்டணமும் அதன் வழியாகவே ஊருக்குச் செல்கின்றது. ஆலையின் உட்புறத்திற்குக் கைப்பேசி கொண்டுசெல்லப் பல நிறுவனங்கள் இசைவதில்லை. நாள் முழுவதும் பிறருக்காகக் கைப்பேசிகளைப் பூட்டிய கைகள், ஷிப்டு முடிந்த பின்னரே தம் கைப்பேசியைத் தொடுகின்றன.

அவ்வாறு தொடும்பொழுது அதில் நாற்பது செய்திகள் காத்துக்கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். முதற்செய்தி நலம் உசாவுகின்றது. பத்தாவது, ஏன் மறுமொழி இல்லை என்று கேட்கின்றது. இருபதாவது, நேற்று அவள் எந்தப் பேருந்தில் ஏறினாள், எந்நிறத் துப்பட்டா அணிந்திருந்தாள் என்று சொல்லுகின்றது. நாற்பதாவது, அவள் படத்தை ஊரார் அனைவருக்கும் அனுப்பிவிடுவதாக அச்சுறுத்துகின்றது. அனுப்பியவன் முன்பின் அறியாதவனாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. உடன் படித்தவனோ, உறவினனோ, ஒரே ஆலையில் வேலை செய்பவனோ ஆகவும் இருக்கலாம். 'வேண்டா' என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் விடவில்லை. இங்கே நிகழ்ந்தது குற்றமா, குற்றமாயின் அதன் பெயர் என்ன என்பதே இப்பாடம் ஆராயும் பொருள்.

பெயர் தெரிவியாமல் பிறரைத் துன்புறுத்தும் வழக்கம் இணையத்தோடு பிறந்தது அன்று. மொட்டைக் கடிதம் என்னும் சொல் தமிழ்நாட்டு ஊர்கள் அனைத்திலும் வழங்குவதே. கையெழுத்தின்றி வரும் ஒரு மடல் திருமணத்தைக் குலைத்ததும், குடும்பத்தைப் பிரித்ததும் முதியோர் பலர் அறிந்த செய்திகள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே இதனை எண்ணிப் பார்த்திருந்தது. ஆளை மறைத்துக்கொண்டு அச்சுறுத்துவோனுக்கு, அச்சுறுத்தலுக்குரிய தண்டனையோடு மேலும் ஈராண்டுச் சிறை வரை விதிக்கலாம் என்று அதன் 507ஆம் பிரிவு கூறிற்று. அச்சட்டம் நீங்கி, 2024ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவிலும் அவ்விதி தொடர்கின்றது. அஞ்சற்காரர் கொணர்ந்த மொட்டைக் கடிதத்திற்கு வகுத்த விதி, பொய்ப்பெயர்க் கணக்கிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் பொருந்துகின்றது.

ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. மொட்டைக் கடிதம் ஒருவர் கையில் சேர்ந்தது, கிழித்தெறிந்தால் ஒழிந்தது. இணையத்தில் இட்ட படமோ ஒரு நாழிகைக்குள் ஓராயிரம் கைகளுக்குச் செல்லும். ஓரிடத்தில் அழித்தால் வேறோரிடத்தில் முளைக்கும். மற்றொரு வேறுபாடு துன்புறுவோர்க்கு நன்மையானது. மொட்டைக் கடிதம் எழுதியவன் இடக்கையால் எழுதித் தப்பிக்கலாம். இணையத்தில் எழுதுவோனுக்கோ அடிச்சுவடு உண்டு. எந்த எண்ணிலிருந்து, எந்த இணைப்பு வழியாக, எந்த நேரத்தில் செய்தி புறப்பட்டது என்பது நிறுவனங்களின் பதிவேடுகளில் இருக்கும். அச்சுவடு நெடுநாள் கிடப்பதில்லை. விரைந்து தேடுவோர்க்கே அகப்படும்.

விரும்பாத பெண்ணை விடாது தொடர்வதைக் காதல் என்று சிலர் அழைக்கின்றனர். திரைப்படங்கள் பல அதனை வீரமாகவே காட்டியுள்ளன. தமிழ் இலக்கண மரபு அவ்வாறு மயங்கவில்லை. தொல்காப்பியர் அன்பொத்த ஐந்திணையை நடுவில் வைத்தார். ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையையும் இருபுறத்தும் ஒதுக்கினார். மடலேறுதல் என்னும் பழைய வழக்கும் ஈண்டு நினைக்கத்தக்கது. பனங்கருக்கால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, தலைவியின் உருவம் தீட்டிய கிழியைக் கையிலேந்தி, ஊரார் காணத் தெருவில் வருதலே மடலேறுதல். மடலேறுவேன் என்று வாயளவில் கூறுவதை அகத்துள் அடக்கிய இலக்கண ஆசிரியர், மெய்யாகவே ஏறுவதைப் பெருந்திணையில் சேர்த்தனர். ஒரு பெண்ணின் உருவத்தைத் தெருவுக்குக் கொண்டுவருதல் அன்பின் எல்லையைக் கடந்தது என்னும் தெளிவு அன்றே இருந்தது என்க.

இனிச் சட்டம் வந்த வழியைக் காண்க. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு, சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் இளைஞர் சிலரின் சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்தார். அத்துயரத்தை ஒட்டி, அவ்வாண்டிலேயே ஈவ்டீசிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கேலி என்றும் விளையாட்டு என்றும் பொருள் தரும் அப்பெயர் செயலின் கொடுமைக்குப் பொருந்தாது எனக் கண்டு, 2002ஆம் ஆண்டில் அதனைப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று மாற்றினர். பெயர் மாற்றம் சிறு செயல் அன்று. சீண்டல் என்று சொன்னால் கேட்பவர் நகைப்பர். துன்புறுத்தல் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவர். அச்சட்டத்தில் ஒரு விதி மிகவும் நயமானது. பேருந்தில் ஒரு பெண் துன்புறுத்தப்பட்டதாக முறையிட்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை வழியில் உள்ள காவல் நிலையத்திற்கோ அண்மையில் உள்ள நிலையத்திற்கோ கொண்டுசெல்லுதல் வேண்டும். வண்டியை நடத்துவோர்க்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. பெண்களுக்கு எதிரான குற்றங்களின் தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாக்களைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025ஆம் ஆண்டு சனவரியில் நிறைவேற்றிற்று.

தெருவுக்கு இவ்வாறு சட்டம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே இணையமும் பரவலாயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், தில்லியில் ஒரு பெண்ணின் பெயரைப் பூண்டு ஒருவன் இணைய உரையாடலில் கலந்துகொண்டான். இழிந்த சொற்களைப் பேசினான். அவரது தொலைபேசி எண்ணையும் பிறர்க்கு வழங்கினான். நள்ளிரவிலும் அயலார் பலர் அவரை அழைக்கலாயினர். காவல் துறையினர் அவனைக் கண்டுபிடித்தனர். ஆயினும், அச்செயலுக்குரிய பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. பெண்ணின் நாணத்தைப் புண்படுத்தும் சொல்லையும் சைகையையும் குறித்த பழைய 509ஆம் பிரிவையே துணைக்கொள்ள நேர்ந்தது. நோய்க்குப் பெயர் இல்லாதபோது வேறொரு நோயின் மருந்தைக் கொடுப்பது போன்றது அது.

2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை இயற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் பெரும்பாலும் வாணிகத்தின் பொருட்டு எழுந்தது. எனினும் ஆபாசச் செய்திகளை மின்னணு வடிவில் வெளியிடுதலை அதன் 67ஆம் பிரிவு குற்றமாக்கிற்று. அப்பிரிவின்கீழ் இந்தியாவில் முதன்முதலாகத் தண்டனை வழங்கிய நீதிமன்றம் சென்னை எழும்பூரில் உள்ளது என்பது தமிழ்நாட்டார் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அவ்வழக்கின் வரலாறு இது. மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணை முன்பே அறிந்திருந்த ஒருவன் மணக்க விரும்பினான். அவர் இசையவில்லை. சினமுற்ற அவன் அவர் பெயரால் ஒரு பொய்க் கணக்குத் தொடங்கி, யாஹூ நிறுவனத்தின் செய்திக் குழுவில் இழிந்த செய்திகளை இட்டான். அவற்றை மெய்யென நம்பியோர் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுத்தனர். 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் முறையிட்டார். சில நாள்களிலேயே காவல் துறையினர் அவனை மும்பையில் கைது செய்தனர். அவருடைய முன்னாள் கணவரோ, அவரேயோ அச்செய்திகளை இட்டிருக்கலாம் என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். துன்புற்றவர் மேலேயே பழி திருப்பும் இவ்வாதம் இத்தகைய வழக்குகளில் புதியது அன்று. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இணையத்தில் கண்டதைச் சட்டமுறைப்படி சான்றளித்த வல்லுநரின் கூற்றும், குற்றவாளி பயன்படுத்திய இணைய மையத்தாரின் சாட்சியமும் உண்மையை நிலைநாட்டின. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள், ஈராண்டுக் கடுங்காவல் உள்ளிட்ட தண்டனைகளை விதித்துத் தீர்ப்பு வந்தது. முறையீட்டிற்கும் தீர்ப்பிற்கும் இடையே ஓராண்டுகூடக் கழியவில்லை. நம் நாட்டு வழக்குகள் நடக்கும் நடையை அறிந்தோர்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

சட்டம் இருந்தால் போதும், சொற்கள் எவ்வாறு இருப்பினும் கவலையில்லை என்று கருதுதல் தவறு. இதற்கு 66அ என்னும் பிரிவே சான்று. 2008ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அப்பிரிவு, பிறர்க்கு எரிச்சலோ இடையூறோ விளைக்கும் செய்திகளை அனுப்புவோர்க்கு மூன்றாண்டுச் சிறை என்றது. எரிச்சல் என்பதற்கு எல்லை ஏது? ஒருவர்க்கு எரிச்சல் தருவது மற்றவர்க்கு நகைச்சுவை. 2012ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்தில், முகநூலில் தம் கருத்தை எழுதிய இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட அவர் தோழியும் கைது செய்யப்பட்டனர். பெண்களைக் காக்க உதவக்கூடும் என்று கருதப்பட்ட பிரிவு பெண்கள்மேலேயே பாய்ந்தது. உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் அப்பிரிவை முற்றிலும் செல்லாதது என்று தீர்ப்பளித்தது. பின்னரும் சில இடங்களில் அதன்கீழ் வழக்குகள் பதிவானமை கண்டு, 2021ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது.

சொல்லை அளந்து வகுத்த சட்டம் 2013ஆம் ஆண்டில் வந்தது. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், நீதியரசர் வர்மா தலைமையில் அமைந்த குழு ஒரு திங்களுக்குள் தன் அறிக்கையை அளித்தது. அதனை ஒட்டி இயற்றிய குற்றவியல் திருத்தச் சட்டம், பின்தொடர்தல் என்னும் குற்றத்திற்குத் தனிப்பெயர் சூட்டி, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354ஈ என்னும் பிரிவாகச் சேர்த்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக உள்ளது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலம் 1990ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் செய்துவிட்டது என்பதை நோக்க, இந்தியா இதற்குப் பெயரிடக் காலம் தாழ்த்தியது என்றே சொல்லுதல் வேண்டும்.

அப்பிரிவின் சொற்களை இலக்கணம் பயில்வார் போல நிறுத்திப் படித்தால் அதன் நுட்பம் விளங்கும். அது பின்தொடர்தலை இருவகையாகப் பகுக்கின்றது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னரும், ஓர் ஆடவன் அவளைப் பின்தொடர்ந்து, நெருங்கிப் பழகும் நோக்கத்தோடு மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ளுதலும், தொடர்புகொள்ள முயலுதலும் முதல்வகை. இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புகள் ஆகியவற்றை ஒரு பெண் பயன்படுத்துவதைக் கண்காணித்தல் இரண்டாம்வகை. முதல்வகையில் 'மீண்டும் மீண்டும்' என்னும் அடுக்குத்தொடர் இருக்கின்றது. ஒருமுறை பேச முயன்றவனைச் சட்டம் சிறைக்கு அனுப்பவில்லை. இரண்டாம்வகையில் அவ்வடுக்கும் இல்லை, விருப்பமின்மை காட்டுதலும் இல்லை. அறியாமல் வேவு பார்க்கப்படுபவள் எவ்வாறு 'வேண்டா' என்று சொல்ல இயலும்? பெண்ணின் கைப்பேசியில் மறைவாக ஒரு செயலியைப் புகுத்தி அவள் உரையாடல்களைப் படிப்பவன் இவ்வகையில் அடங்குவான்.

முதல்வகையின் அச்சாணி 'விருப்பமின்மை' என்னும் ஒரு சொல்லே. பழைய சட்டம் நாணம் புண்பட்டதா என்று கேட்டது; புதிய சட்டம் அவள் வேண்டா என்றாளா என்று கேட்கின்றது. நாணத்தை அளக்கும் கோல் ஊரார் கையில் இருந்தது. விருப்பத்தை உணர்த்தும் சொல் அவள் வாயிலேயே இருக்கின்றது. எனவே, 'எனக்கு விருப்பமில்லை. இனிச் செய்தி அனுப்பாதே' என்று ஒருமுறை தெளிவாக எழுதி அனுப்புதல் பின்னர் வலிய சான்றாகும். அதன்பின் அவனோடு வாதிட வேண்டிய கடமை எதுவும் அவளுக்கு இல்லை. மத்தியச் சட்டத்தின்படி முதன்முறைக் குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மறுமுறை செய்தால் ஐந்தாண்டு வரை உயரும். குற்றத்தைத் தடுக்கும் பொறுப்பை அரசிடமிருந்து பெற்ற அதிகாரி அக்கடமையின் பொருட்டுச் செய்வது இதில் சேராது.

பிற பிரிவுகளைச் சுருங்கக் கூறின் போதும். பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ வஞ்சகமாகப் பயன்படுத்துதல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம். ஒருவரது அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றி எடுத்தலும் பரப்புதலும் 66உ பிரிவில் குற்றம். ஆபாசச் செய்திக்கு முன்சொன்ன 67ஆம் பிரிவு இன்றும் உள்ளது.

பின்தொடர்தல் பற்றிய பிரிவு, செய்தவன் ஆடவன் என்றும் துன்புற்றவள் பெண் என்றும் வகுத்துப் பேசுகின்றது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு அவ்வேறுபாடு இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவனையும் சிறுமியையும் ஒருங்கே காக்கின்றது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ மின்னணு வழியிலோ இடைவிடாது பின்தொடர்தலும், தொடர்புகொள்ளுதலும் அச்சட்டப்படி குற்றம். மெய்யான படத்தையோ, புனைந்து உருவாக்கிய படத்தையோ வெளியிடுவதாக அச்சுறுத்தலும் அவ்வாறே. செயற்கை நுண்ணறிவால் படம் புனைதல் இந்நாளில் சிறுவர்க்கும் எளிதாகிவிட்டது. வகுப்புத் தோழியின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லும் மாணவனுக்கு, விளையாட்டு என்பது சட்டத்தின் முன் விடையாகாது.

ஆலைப்பெண்களுக்குப் பயன்படும் மற்றொரு சட்டமும் 2013ஆம் ஆண்டிலேயே வந்தது. உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டில் விசாகா வழக்கில் வகுத்த நெறிகளை அடியொற்றி எழுந்த அது, பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது. பத்துப் பேரோ அவரின் மிக்காரோ வேலை செய்யும் இடங்களில், மூத்த பெண் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்த தொழிலாளியும் அச்சட்டத்தின் காப்புக்கு உரியவரே. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பலராதலால் இது கருதத்தக்கது. பணியிடம் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த பொருளும் விரிவானது. நிறுவனம் ஏற்பாடு செய்த பேருந்தும் அதனுள் அடங்கும். மேற்பார்வையாளர் ஒருவர் பணிநேரம் கடந்து கைப்பேசியில் அனுப்பும் தகாத செய்தியைக் குறித்தும் இக்குழுவிடம் முறையிடலாம். நிகழ்ச்சி நடந்து மூன்று மாதத்திற்குள் எழுத்தில் முறையிடுதல் வேண்டும். குழு தொண்ணூறு நாள்களில் விசாரணையை முடித்தல் வேண்டும்.

இத்துணைச் சட்டங்கள் இருந்தும், கேட்போர் செவி கொடாதவிடத்து அவை ஏட்டில் உறங்கும். 2016ஆம் ஆண்டு சூன் திங்களில் சேலம் மாவட்டத்தில் நிகழ்ந்தது அத்தகையது. பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படங்கள் முகநூலில் தோன்றின. குடும்பத்தார் காவல் துறையிடம் முறையிட்டனர். நாள்கள் சென்றன, படங்கள் நீங்கவில்லை, புதிய படமும் வந்தது. தம் சொல்லைப் பெற்றோரும் நம்பவில்லையே என்னும் வேதனையோடு அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் இரண்டொரு நாளில் குற்றம் சாட்டப்பட்டவன் கைது செய்யப்பட்டான். அவரை ஒருதலையாக விரும்பி மறுக்கப்பெற்றவன் அவன் என்று காவல் துறையினர் கூறினர். நேர்ந்த தாமதத்திற்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாளில் இயன்ற கைது, இரண்டு நாள் முன்னர் இயன்றிருக்கலாம். பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய வினா 'உன் படம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது?' என்பது அன்று. படத்தை எவ்வாறு நீக்குவது என்பதே. இத்தகைய துயரத்தில் மனம் தளர்வோர் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகருடன் தமிழிலேயே பேசலாம்.

படத்தை நீக்கும் பொறுப்பு யாருடையது? பேருந்தின் நடத்துநரைப் போன்றவர் இணையத்தில் யார்? முகநூல், இன்ஸ்டாகிராம் முதலியவற்றை நடத்தும் நிறுவனங்களே அவர் என்று சட்டம் விடை கூறுகின்றது. அந்தரங்கப் படத்தையோ புனைந்த படத்தையோ குறித்துப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் அதனை அகற்றுவதற்கு, 2021ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் 24 மணி நேரமே கெடு விதித்தன. 2025ஆம் ஆண்டு சூலையில் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கக் காட்சிகள் அவர் இசைவின்றி இணையத்தில் பரவியிருந்தன. 48 மணி நேரத்திற்குள் அவற்றை முடக்குமாறு மத்திய அமைச்சகத்திற்கு நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் கற்ற வழக்கறிஞர்க்கே உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்றால், ஆலையில் வேலை செய்யும் பெண்ணின் நிலை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவள் செய்யக்கூடியவை சில உள. வந்த செய்திகளை அருவருத்து அழித்துவிடுதல் இயல்பு. ஆயின் அழித்தால் சான்று போய்விடும். நாளும் நேரமும், அனுப்பியவன் எண்ணும், கணக்கின் முகவரியும் தெரியுமாறு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தல் வேண்டும். அதன்பின் அவனைத் தடைசெய்துவிடலாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும்போது அதற்குரிய சான்றிதழ் வேண்டப்படும் ஆதலால், செய்தி வந்த கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருத்தல் நலம். பெண்களுக்கான உதவி எண் 181; இணையக் குற்றங்களுக்கான எண் 1930; குழந்தைகளுக்கான எண் 1098.

முறையிட வேண்டிய இடம் எது என்னும் மயக்கம் முன்பு பலரை அலைக்கழித்தது. பெண்ணின் ஊர் திருவண்ணாமலைப் பக்கம், தங்கியிருப்பது வல்லத்தில், செய்தி அனுப்புபவன் இருப்பதோ கோயம்புத்தூரில். 2024ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இம்மயக்கத்தை நீக்கிற்று. குற்றம் எங்கு நிகழ்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். பின்தொடர்தல் பற்றிப் பெண் தரும் முறையீட்டைப் பெண் காவலரோ வேறு பெண் அதிகாரியோ எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பதிவின் படி ஒன்று கட்டணமின்றித் தரப்படும். நிலையத்தார் ஏற்க மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளர்க்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் பயன் இல்லையெனில் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். மின்னணு வழியாகவும் முறையீடு அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் சென்று அதில் கையெழுத்திடுதல் வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை செய்து, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பேருந்தில் நெடுநேரம் கழிக்கும் பெண்ணுக்கு அம்மூன்று நாள் குறுகிய கெடுவே. விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிட்டு, அறைத்தோழி ஒருத்தியை உடன் அழைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் நிலையத்திற்குச் செல்ல ஏற்றவாறு அம்முறையீட்டை அதற்கு முந்திய நாளில் அனுப்புதலே பொருந்தும்.